பூச்சி போன வழி

ஆயிரம் ஆண்டுப் பழைய ஏரி வரலாற்றுக்குச் சான்றாக மிஞ்சியிருந்தது மிகப் பிந்தைய ஓலைப் பிரதி ஒன்றுதான். “நம்பகம் பதினொரு விழுக்காடு” என்று தீர்ப்பாய இயந்திரம் அதைத் தள்ளிவிட்டது. மாலைக்குள் மறுப்பு வராவிட்டால் ஏரியை மண் போட்டு மூடிவிடுவார்கள்.

அந்த ஏரிக்கரையில் பிறந்த எழினி, மாலை வகுப்பில் ஓலை படிக்கக் கற்பவள். தன்மேலேயே நம்பிக்கையில்லாதவள், எதையும் மூன்று முறை அளப்பாள். பிரதியின் இடைவெளிகளில் இயந்திரம் ஊகித்து நிரப்பியிருந்த சொற்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். மூல ஏட்டில் பூச்சி அரித்த இடங்களை, ஏட்டுக்கு ஏடு படியெடுத்தவர் வெற்றிடமாகவே விட்டிருந்தார். ஏடுகளை அடுக்கினால் அந்த வெற்றிடங்கள், மூலக் கட்டைப் பூச்சி குடைந்துபோன வழியாகவே, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே துளையாய் இறங்கின.

“பூச்சியா வந்து சாட்சி சொல்லப் போவுது?” என்று சிரித்தான் உடன் படிக்கும் மருதையன்.

“ஆமாண்டா! ஓட்டையைக்கூட அப்படியே எழுதினவரு, கதையை மட்டும் மாத்தியிருப்பாரா?”

துளையை மூன்று முறை அளந்துவிட்டு மறுப்பை அனுப்பினாள். திரையில் நம்பக விழுக்காடு பதினொன்றிலிருந்து நாற்பதாகி, தொண்ணூற்றாறில் நின்றது. கீழே “ஏரியை மூடத் தடை” என்று வந்தது.

மண் லாரிகள் வந்த வழியே திரும்பின. கரையில் பெண்கள் குலவையிட, எழினி செருப்புக் காலோடு தண்ணீரில் இறங்கினாள்.