இருபது நிமிட மேடு

கிராஃபில் மாலை ஐந்து பத்துக்கு ஒரு மேடு இருந்தது.

நேற்றும் அதே இடத்தில்தான். ஐந்து பத்துக்கு ஏறி, ஐந்தரைக்கு இறங்கியிருந்தது. உயரம் நான்கு மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் நான்கு பங்கு.

சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் அளவுக்கருவிகள் செய்து ஓய்வுபெற்ற நாங்கள் நாற்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். ஞாயிறுதோறும் நான் அதில் எழுதுவேன். இந்த முறை எடுத்துக்கொண்டது, மூடி போடாத சர்க்யூட்டைக் காற்று என்ன செய்யும் என்பது. அறைக்குள் ஒருவர் நடந்தால் போதும். ஈயம் உருக்கிச் சால்டர் வைத்த இடங்கள் ஒன்று சூடாகி, ஒன்று குளிர்ந்து, இல்லாத வோல்ட்டேஜைக் காட்டும். ஆளில்லாத அறையில் கோடு நேராக ஓடும் என்று எழுதியும் விட்டேன்.

தணிகாசலம் எழுதினால் சரியாக இருக்கும் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். முப்பத்தாறு வருஷமாக அப்படித்தான்.

ஐந்து மணிக்கு என் அறை மேசையில் மூடியில்லாத சர்க்யூட்டை வைத்துச் சோதனையைத் தொடங்கிவிட்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு, முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரைக்கு நடப்பேன். ஐந்தே முக்காலுக்கு வீட்டில் இருப்பேன்.

மேட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதன் மேல் ஒரே சீரான சின்னச் சின்ன அலைகள். மின்விசிறி.

"என் ரூம்ல யாராவது ஃபேன் போட்டாங்களா?"

என் மனைவி செல்வாம்பாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "எனக்குதான் ஃபேன் காத்தே ஆவாதே. ஒங்க ரூமுல எனக்கு என்னா வேல?"

நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவள் சொன்னது உண்மை. சித்திரை வெயிலிலும் விசிறியடியில் உட்கார மாட்டாள்.

அந்த அறை முன்பு எங்கள் மகள் கவிநிலாவுடையது. கைப்பையை இறக்கி வைப்பதற்கு முன்பே விசிறி சுவிட்சைத் தட்டுகிறவள்.

நான்கு வருஷத்துக்கு முன், நான் வேண்டாம் என்றவனைக் கட்டிக்கொண்டு இதே ஊரில் மூலக்குளத்தில் குடியேறினாள். நான் இருக்கும்போது இந்த வாசற்படியை மிதிக்கக் கூடாது என்றேன். சொன்னது சொன்னதுதான். கேட்பவர்களிடம், பெண் பிரான்சில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். குழுவிலும்.

நான் இல்லாதபோது வரக் கூடாது என்று சொல்லவில்லை. அதை அவள் கவனித்திருக்கிறாள்.

கிராஃபைக் குழுவில் போட்டேன். அளந்ததை மறைக்கிற பழக்கம் எனக்கில்லை.

விஜயராகவன் உடனே எழுதினான். "தணிகா, நேர்கோடுன்னு சொன்ன. நடுவுல ஒட்டகம் படுத்துருக்குதே. வூட்ல பேய் கீய் குடி வெச்சிருக்கியா?"

மற்றவர்கள் வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகளைப் போட்டார்கள்.

பதில் எனக்குத் தெரியும். அதை எழுதினால் பிரான்ஸ் கதையும் போய்விடும். 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினேன். குழுவில் நான் அப்படி எழுதியது அதுவே முதல் தடவை.

மறுநாளிலிருந்து ஆறரை வரை கடற்கரையிலேயே உட்கார்ந்தேன். காந்தி சிலைக்குக் கீழே குடும்பம் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் நான் விழுகிறேன் என்று ஒருவர் சற்று நகரச் சொன்னார். நகர்ந்து உட்கார்ந்தேன். கண்டிப்பானவன் என்று ஊரில் பேர். தெரிந்தவர்கள் வணக்கம் சொல்லிவிட்டு நிற்காமல் போனார்கள்.

மேடு முதலில் அரை மணி நேரமாயிற்று. பிறகு ஒரு மணி நேரம்.

எட்டாம் நாள் அதன் மேல் மூன்று முட்கள் நின்றன.

காற்று இப்படிச் செய்யாது. சர்க்யூட்டில் ஒரு விரல் பட்டு எடுத்தால்தான் கோடு இப்படிச் சட்டென்று ஏறும். விரலின் சூடு ஆறி இறங்க இரண்டு நிமிடம் பிடிக்கும்.

கவிநிலா தொட மாட்டாள். ஓடுகிற சர்க்யூட்டில் கை வைக்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே தெரிந்துகொண்டவள். செல்வாம்பாளும் தொட மாட்டாள்.

சர்க்யூட்டின் நான்கு மூலைகளையும் தனித்தனியே பதிவு செய்கிறேன். மூன்று தொடுதலும் மேசை விளிம்பை ஒட்டிய மூலையில்தான். அந்தச் சின்ன விரல் அதைத் தாண்டி எட்டவில்லை.

என்னிடம் யாரும் சொல்லவில்லை.

அன்று குழுவில் நான் எதுவும் போடவில்லை.

மறுநாள் மாலை, மேசை மேலிருந்த சால்டரிங் அயர்னின் பிளக்கைப் பிடுங்கினேன். நன்றாக ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்து, பீரோவின் மேல் கைக்கெட்டும் கடைசி வரை தள்ளி வைத்தேன். கத்தியையும் ஈயக் கம்பியையும் கூட.

மணி நாலரைதான் ஆகியிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"வர ஏழாவும்" என்றேன், அடுப்படிக்குக் கேட்கும்படியாக.