சேஷுவுக்குப் பிடிக்கும்

"ஆறு வருஷம் கழிச்சு என் மாட்டுப்பொண் ஆம்படையான்கிட்ட போறா. நைஜீரியாவுக்கு!" என்று அரவிந்தவல்லி சித்திரை வீதி முழுக்கச் சொல்லிவிட்டாள்.

வேதவதி மறுக்கவில்லை. புடவைகளைப் பெட்டியில் அடுக்கினாள்.

"சேஷுவுக்குப் பிடிக்கும்" என்று தன் பிள்ளைக்காக மாமியார் நீட்டிய நார்த்தங்காய் பாட்டிலையும் வாங்கி வைத்தாள்.

"புருஷன்கிட்டதானே போறே, தாராளமாப் போயிட்டு வா" என்றார் மாமனார் சௌரிராஜன்.

வேதவதிக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயில் வந்து நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மாமனார் கூஜாவில் தண்ணீர் பிடிக்கப் போனார்.

அரவிந்தவல்லி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"நார்த்தங்காயை நீயே சாப்பிடு. அவன் அங்கே வேற ஒருத்தியோட குடும்பம் நடத்தறான்னு எனக்குத் தெரியும். நீ இங்கிலீஷ் டீச்சரா ஜாம்பியாவுக்குத்தான் போறேன்னும் தெரியும்."

"அம்மா... அப்புறம் ஏன் ஊரெல்லாம் அப்படிச் சொன்னேள்?"

"இல்லேன்னா உன் மாமனார் வாசப்படி தாண்ட விட்டிருப்பாரா?"

சௌரிராஜன் கூஜாவோடு வந்தார். வண்டி நகர்ந்தது.

"சேஷுவை ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லும்மா!" என்றார் அவர்.

வேதவதி மாமியாரைப் பார்த்தாள்.

"சொல்லுவா, சொல்லுவா" என்றாள் அரவிந்தவல்லி, உரக்க.