ஊசிக்கு மட்டும் ஆஃபர்

"பில்லை நான் கார்டுல போட்டுருதேன். காசை எங்கிட்ட குடுத்துருங்க."

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த மருந்துக் கடை. கவுன்ட்டர் ஓரமாக ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர்தான் கேட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, கையில் ஒரு கார்டு.

தங்கச் சங்கிலி போட்ட ஆள் ஒருவர் தோளைக் குலுக்கிவிட்டு, இரண்டாயிரத்து முன்னூறை அவரிடம் எண்ணிக் கொடுத்தார். மாத்திரைப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பினார். பெரியவரின் கார்டைக் கடைக்காரர் செந்தில்வேல் மெஷினில் போட்டார்.

அடுத்து நின்ற சிவப்பிரகாஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் பேங்கில் கிரெடிட் கார்டு விற்பவன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. டீ குடித்தால்கூட எந்தக் கார்டில் எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் குடிப்பான்.

"யாரு அண்ணாச்சி இவரு?" என்று செந்தில்வேலிடம் மெல்லக் கேட்டான்.

"ஸதக்கத்துல்லாஹ். காயல்பட்டினத்துக்காரரு. அங்கன அண்ணனைக் காக்கான்னுதான் கூப்பிடுவாவ. நாங்க கேஷ்பேக் காக்காம்போம். தினம் சாயங்காலம் வந்துருவாரு."

"அடுத்தவன் பில்லுக்கு இவருக்குக் கேஷ்பேக்கா? அதுவும் நோயாளி வாங்குத மருந்துலயா?"

செந்தில்வேல் கார்டைப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, உங்க பில்லு எவ்வளவு?" பெரியவர் அவனையும் விடவில்லை.

"என்கிட்டயே நாலு கார்டு இருக்கு" என்றான் வெடுக்கென்று. அவர் சிரித்துக்கொண்டார்.

அதற்குள் பின்னால் நின்ற ஒரு பெண் அவனை முந்திக்கொண்டு மருந்துச் சீட்டை நீட்டினாள். உப்பளத்தில் இருந்து நேராக வந்திருக்க வேண்டும். கால் முழுக்க உப்பு காய்ந்து வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி, மகளுக்கு அஞ்சு ஊசி எழுதியிருக்காவ. ஆறு மணிக்கு முதல் ஊசி போடணுமாம்."

"ஆயிரத்து எண்ணூத்து அம்பது ஆகுதும்மா இசக்கிசெல்வி."

அவள் பிளாஸ்டிக் கவரிலிருந்து நோட்டுகளை எடுத்துக் கவுன்ட்டரிலேயே வைத்து எண்ணினாள். ஆயிரத்து இருநூற்று நாற்பது. மறுபடியும் எண்ணினாள். அதேதான்.

"மூணு ஊசி மட்டும் குடுங்க."

"அஞ்சும் போட்டாத்தாம்மா புண்ணு ஆறும். மீதிய அப்புறமா குடேன்."

"கடன் வேண்டாம் அண்ணாச்சி. சும்மாவும் யாருகிட்டயும் வாங்க மாட்டேன். மூணு போதும்."

பெரியவர் ஸ்டூலில் இருந்து எழுந்தார்.

"ஏம்மா, பில்லை என் கார்டுல போடுதியா? ஊசிக்கு ஆஃபர் ஓடுது. அஞ்சுக்கும் சேத்து ஆயிரத்து இருநூறுதான்."

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "முன்னால போனவரு முழுக்காசுல்லா குடுத்தாரு?"

"அவரு வாங்கினது மாத்திரை. மாத்திரைக்கு ஆஃபர் இல்ல."

"எனக்குக் குறைச்சா உங்களுக்கு நட்டம்லா காக்கா?"

"நட்டப்படுததுக்கு எவனாவது இங்கன ஸ்டூல் போட்டு உக்காருவானா? எனக்குப் பாயிண்ட் வரும்மா. நீ போட்டா எனக்குத்தான் லாபம்."

அவள் முகம் தெளிந்தது. அவருக்கு லாபம் இருந்தால் சரி. ஆயிரத்து இருநூறை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். செந்தில்வேல் அவர் கார்டை வாங்கி மெஷினில் போட்டுவிட்டு, ஊசிப் பையைக் கவுன்ட்டரில் வைத்தார்.

சிவப்பிரகாஷ் வாயைப் பிளந்தான். மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி! அதுவும் ஊசிக்கு! கையில் இருக்கிற காசுக்குள் அடங்கி, மகளுக்கு இட்லி வாங்க நாற்பது ரூபாயும் மிச்சம் வைக்கிற ஆஃபரை எந்த பேங்க் கொடுக்கிறது? எட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறான், கேள்விப்பட்டதே இல்லை.

இதில் ஏதோ ஏமாற்று வேலை இருக்கிறது என்று தோன்றிவிட்டது அவனுக்கு.

"ஒரு நிமிஷம்! எந்தக் கார்டுலயும் இப்படி ஒரு ஆஃபர்..." என்று சத்தமாகவே ஆரம்பித்தான்.

ஊசிப் பையை எடுக்கப் போன இசக்கிசெல்வியின் கை அப்படியே நின்றது.

செந்தில்வேல் மெஷினிலிருந்து எடுத்த கார்டையும் அதில் வந்த சீட்டையும் சிவப்பிரகாஷ் முன்னால் மட்டும் நகர்த்தி வைத்தார்.

அவன் வேலை பார்க்கிற பேங்கின் கார்டுதான். சேமிப்புக் கணக்குக்குக் கொடுக்கிற சாதாரண ஏடிஎம் கார்டு. எண்கள் பாதி தேய்ந்திருந்தன. ஆயிரத்துக்குப் போட்டாலும் லட்சத்துக்குப் போட்டாலும் அதில் ஒரு பாயிண்ட் வராது. சீட்டில் ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாயும் முழுசாகப் போயிருந்தது.

சங்கிலிக்காரரிடம் முழுக்காசு வாங்கியது எதற்கென்று இப்போது புரிந்தது. அதைப் பார்த்ததால்தானே, இவர் லாபத்துக்குத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று இவள் நம்பினாள்! கொடுப்பது தெரியக்கூடாது என்பதற்காகத் தினமும் இங்கே உட்கார்ந்து பேராசைக்காரன் என்று பேர் வாங்கிக்கொண்டிருக்கிறார் ஒரு மனுஷன். சிவப்பிரகாஷுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இவ்வளவு பெரிய ஆளையா அப்படி நினைத்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

ஸதக்கத்துல்லாஹ் முகத்தில் சிரிப்பைக் காணோம். சொல்லிவிடாதே என்று கெஞ்சுவது மாதிரி அவனையே பார்த்தார்.

"சார், நீங்க பேங்க்காரவுகதான?" இசக்கிசெல்வி அவன் கழுத்து அட்டையைப் பார்த்தபடி கேட்டாள். பை இன்னும் கவுன்ட்டரிலேயே இருந்தது. "அப்படி ஒரு ஆஃபர் கிடையாதா?"

சிவப்பிரகாஷ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"இருக்கும்மா. எங்க பேங்க் கார்டுதான் இது. எட்டு வருஷமா கார்டு விக்கேன், எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."