இன்னும் எதை விட வேண்டும்

நாகர்கோவிலிலிருந்து முதல்முறையாக இலங்கைக்கு ஊழியத்துக்கு வந்திருந்த போதகர் செல்வின், மொனராகலைக்கு அப்பால் ஒரு சிங்களக் கிராமத்தில் ஜெபக்கூட்டத்தை முடித்தபோது, சோமலதா என்ற பெண் தன் ஏழு வயது மகளை அவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சோமலதா சிங்களத்தில் சொல்லச் சொல்ல, தேயிலைத் தோட்டத்துச் சபையிலிருந்து மொழிபெயர்க்க வந்திருந்த தவமணி தமிழில் சொன்னாள்.

"புத்த விகாரைக்குப் போறத விட்டா புள்ளைக்குக் காது கேக்கும்னு முந்தி வந்த பாஸ்டர் சொன்னாராம் ஐயா. ரெண்டு வருசமா இவ போகல. இவ அம்மா செத்ததுக்குக்கூட பிக்குமாருக்குத் தானம் குடுக்கல. இன்னும் எத விடணும்னு கேக்குறா."

ஒன்றும் விட வேண்டாம் என்று சொல்ல செல்வினுக்கு வாய்வரை வந்தது. அப்படியானால் அந்த இரண்டு வருடங்களுக்கு என்ன பதில்? அவர் கண்களை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார்.

சிறுமி எட்டி அவர் தொண்டையில் உள்ளங்கையை வைத்தாள். அதிர்வு கையில் ஏறியதும் கலகலவென்று சிரித்தாள்.

"புள்ளைக்குக் கேக்குதுன்னு அம்மாக்காரி அழுவுறா ஐயா" என்றாள் தவமணி.

செல்வின் நிறுத்தினார். சிரிப்பும் நின்றது. சோமலதா பதறிப்போய்க் கைகூப்பினாள்.

அவர் மறுபடியும் தொடங்கினார். ஜெபத்தில் சொல்ல இருந்ததெல்லாம் தீர்ந்த பிறகு, பஸ்ஸில் கடந்துவந்த ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை, வெல்லவாய. ஆமென் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை.