வடம் பிடித்தவன்

"என் புருஷனை இந்தப் படத்திலேருந்து எடுத்துடுங்க, மேஸ்திரி."

படம் அச்சடிக்கச் செதுக்கிய செப்புத் தகட்டில் மை தடவிக்கொண்டிருந்த நெரி நிமிர்ந்தார். இளவரசர் கல்யாண ஊர்வலப் படம். வாங்குவதற்கு பிளாரன்ஸ் நகரமே அடித்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா ஒர்சோலா, அவனவன் தன் மூஞ்சியைப் போடச் சொல்லி என் காலில் விழறான். நீ எடுக்கச் சொல்றே. புத்தி கித்தி போயிடுச்சா?"

"புருஷன்தான் போயிட்டான். புத்தி இருக்கு."

ஊர்வலத்தில் வந்த கடல் தேவன் தேர் சதுக்கத்தில் திரும்பும்போது சக்கரம் முறிந்து சாய்ந்தது. முன்வடம் பிடித்த அவள் புருஷன் தாதேயோ அடியில் நசுங்கிப்போனான். அரண்மனை வேலையில் செத்தவன் குடும்பத்துக்கு அரண்மனை ரொட்டி போடும். அதைக் கேட்கப் போனாள் ஒர்சோலா.

"அரண்மனைக் கணக்கர் உங்க படத்தைக் காட்டறார். 'தேர் நிமிர்ந்து நிக்குது, உன் புருஷன் வடம் பிடிச்சுச் சிரிக்கறான், இவனா செத்தான்?'ங்கறார்."

"அடப்பாவி. ஒத்திகையைப் பார்த்து, ஊர்வலத்துக்கு ரொம்ப முன்னாடியே போட்ட படம் அது. ஊர்வலத்தன்னைக்கே விக்கணுமே. அந்தாளுக்கும் இது தெரியும்."

"ஊருக்கே தெரியும். சாட்சி சொல்ல வாங்கன்னா, அத்தனை வாயும் அரண்மனை ஒயினில் ஊறிக் கிடக்கு. பிள்ளைங்க பட்டினி, மேஸ்திரி."

"தகடு அரண்மனைச் சொத்து. கை வெச்சா என் பொழப்பு போயிடும். கிளம்பு."

அவள் கிளம்பவில்லை. அழவும் இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குன்னு வந்து வாய்ச்சே பாரு" என்று திட்டிக்கொண்டே நெரி சுரண்டியை எடுத்தார். தாதேயோ நின்ற இடத்தைச் சுரண்டினார். மழமழவென்று ஆகும்வரை தேய்த்தார்.

ஒர்சோலா திரும்பிக்கொண்டாள். அவன் முகம் பதிந்திருந்தது அந்த ஒரு படத்தில்தான்.

மை காயாத புதுப் படத்தோடு கணக்கரிடம் ஓடினாள்.

அவர் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார். பிறகு பழையதைக் கிழித்துப் போட்டார். ஒர்சோலாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"மேஸ்திரியே திருத்திட்டாரா? நல்லது. இனிமே இதுதான் படம்."

"அப்போ ரொட்டி, ஐயா?"

"இதில் உன் புருஷனே இல்லையேம்மா. தேர் இழுக்கவே வராதவன் குடும்பத்துக்கு அரண்மனை எதுக்கு ரொட்டி போடணும்?"