எத்தனை சுற்று?

மலையேற இழுவை போதாத பழைய குட்டிக் கார் ஒன்றுக்கு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் ஒற்றைக் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டுப் புதிதாக இரண்டைப் பொருத்தினார் மெக்கானிக் தைரியநாதன். ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் உதறி எடுத்தது.

"நான்தான் காற்றை இழுக்கிறேன். இவன் சும்மா இருக்கிறான்," என்றது இடது கார்புரேட்டர்.

"நீ இழுக்கவில்லை, கத்துகிறாய்," என்றது வலது.

தைரியநாதன் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இடதின் வாயில் பிடித்தார். என்னைத்தான் முதலில் கேட்கிறார் என்ற பெருமையில் அது இன்னும் பலமாக இரைந்தது. அவர் அதன் திருகைத் தளர்த்தினார். வலதின் திருகைச் சற்று முடுக்கினார். மாறி மாறிக் கேட்டார். இரண்டு இரைச்சலும் ஒன்றானதும் இன்ஜினின் உதறல் நின்றது.

"ரெண்டும் ஒரே மாதிரி மூச்சு விடுது. இனி யாரும் கை வைக்காதீங்க," என்று பானெட்டை மூடினார்.

கார் சிரமமில்லாமல் மலை ஏறியது. பாதி வழியில், கொண்டை ஊசி வளைவில், இடது மெல்லக் கேட்டது.

"உனக்கு எத்தனை சுற்று முடுக்கினார்?"

"ஐயோ, சொல்லித் தொலைக்காதே!" என்று வலதிடம் அலறியது இன்ஜின்.