பத்து நாள் பாக்கி

சகல புனிதர் திருநாளன்று ரோஷோன் குடும்பக் கல்லறை முன்னால் இருந்தவர்கள்: சக்கர நாற்காலியில் நார்சிஸ் ரோஷோன், அதைத் தள்ளி வந்த மகள் ஓடீல், சுண்ணாம்பு வாளியோடு காவல்காரர் லூதர். உள்ளே, கல் தட்டின் மேல், மகன் அல்சீட். தட்டுக்குக் கீழே குழியில் அம்மாவும் அவளுக்கு முன்னால் போனவர்களும், எலும்பாக.

"என்ன நார்சிஸ் அண்ணே, வீடு பாக்க வந்தீங்களா?" என்றார் லூதர்.

"வாடகைக்கு ஏதாச்சும் கெடைக்குமா?"

லூதர் சிரித்தார். ஓடீலுக்குச் சிரிப்பு வரவில்லை. இரவு முழுக்க ஓட்டல் சலவை அறையில் நின்றுவிட்டு நேரே வந்திருந்தாள்.

சாமந்தியை வைத்தாள். டப்பாவைத் திறந்து சோளக்கஞ்சியை ஒரு கரண்டி ஊட்டினாள். அப்பா வாயில் வாங்கிக்கொண்டார். விழுங்கவில்லை.

அடுத்த வரிசையில் ஒரு குடை உயர்ந்தது. சுற்றுலாக் கூட்டம். குடை பிடித்திருந்த வழிகாட்டிப் பெண் தெம்பாகக் கத்தினாள்.

"லூசியானாவுல மாவட்டமே கெடையாதுங்க, அதுக்குப் பேரு 'பங்கு', தேவாலயப் பங்கு மாதிரி! இங்க இருக்கிறதுலயே பெரிய ஊரு நியூ ஆர்லியன்ஸ். அதுல பாதி கடல் மட்டத்துக்குக் கீழ! தோண்டுனா தண்ணி. அதான் பொணத்த நெலத்துக்கு மேலயே வெச்சுப் பூசிடுறோம். வெயில்ல அடுப்பு மாதிரி வெந்துரும். ஒரு வருஷமும் ஒரு நாளும் தொறக்கக் கூடாது. அப்புறம் இருக்கிற எலும்ப கம்பால பின்னால தள்ளுனா குழியில விழும். தட்டு அடுத்த ஆளுக்கு!"

"அதுக்குள்ள அடுத்த ஆள் செத்துட்டா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"மதில் சுவத்துல பொந்து இருக்கு. வாடகைக்கு!"

கூட்டம் சிரித்துக்கொண்டே நகர்ந்தது.

அல்சீடுக்கு ஒரு வருடமும் ஒரு நாளும் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. அப்பா அதுவரை தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாப்பிட்டால் ஒருவேளை தாங்கலாம்.

ஓடீல் குனிந்தாள்.

"பத்தே பத்து நாள்ப்பா. அதுவரைக்கும் முழுங்குங்க. அப்புறம் உங்க இஷ்டம். அம்மாகூட இதுக்குள்ள படுக்க வேணாமா?"

அவர் கஞ்சியைக் கைக்குட்டையில் துப்பினார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பைக்குள் இன்னும் இரண்டு கைக்குட்டைகள் இருந்தன. கனமாக.

"நான் உள்ள போனா அவனத்தானே தள்ளுவாங்க," என்றார். "ஒரு தடவ தள்ளுனது போதும்."

சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த லூதரின் கை நின்றது.

அல்சீட் வீட்டைவிட்டுப் போன அன்று ஓடீலும் சமையலறையில்தான் இருந்தாள். அப்பா இரண்டு கையையும் அல்சீடின் முதுகில் வைத்துத் தெருவில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். வெளியே அவன் கொஞ்ச நேரம் தட்டினான். அவள் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவன் எங்கே தூங்கினான் என்று இருவருமே விசாரிக்கவில்லை. நெடுஞ்சாலைப் பாலத்தடியில் என்று, அவன் செத்த பிறகு போலீஸ் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

கரண்டியைத் துடைத்தாள். டப்பாவை மூடினாள்.

"மாமா, அந்த மதில்ல எடம் இருக்கா?"

இருக்கிறது என்று லூதர் தலையாட்டினார்.

நாற்காலியைத் திருப்பினாள். வாசல்வரை சரளைக் கல்லில் சக்கரம் சிக்கிச் சிக்கி வந்தது.

கடைசியாக வெளியேறியது அவர்கள்தான். லூதர் இரும்புக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.

இந்த முறை அல்சீட் உள்ளே இருந்தான்.